தயிர்ச்சோற்றின் மேல் விழுந்த பழி

திருச்சி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. பேத்தி வீட்டுக்கு வந்துவிட்டாள், பால் குடிக்கிறாள் என்ற வரியைக் கண்ட பிறகுதான் மீதியைப் படித்தேன். மூன்று மாதக் குழந்தை நான்கு நாள் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது லேசில்லை.

அதைவிட உன்னை வாட்டுவது சம்பந்தியம்மாவின் பேச்சு என்று புரிகிறது. "தாய்க்காரி தயிர்ச்சோறு தின்றாள், தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு பால் கொடுத்தாள், பிள்ளைக்கு நெஞ்சுச்சளி கட்டிவிட்டது." முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி லேபில் இருந்தவளாயிற்றே, நீ சொல் என்கிறாய். சரி, சொல்கிறேன். தயிருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தாய்ப்பால் வழியாகச் சளி இறங்காது. உன் மகளிடம் இந்த இடத்தை மட்டுமாவது படித்துக் காட்டு.

டிஸ்சார்ஜ் சீட்டில் ஆர்எஸ்வி என்று போட்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அது ஒரு வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம், சில நாள் கைக்குட்டையோடு சரி. கைக்குழந்தைக்கு வந்தால் கதை வேறு. நுரையீரலுக்குள் போகும் கடைசிக் குழாய்கள் அதற்கு ஊசிமுனை அளவுதான். அவை வீங்கிக் கோழையும் அடைத்தால் காற்றுக்கு வழி ஏது? விலா உள்ளே குழிவதும், பாலை விட்டுவிட்டு மூச்சு வாங்குவதும் அதனால்தான். 1956-இல் இதை முதலில் கண்டது அமெரிக்காவில் ஒரு சோதனைக்கூடத்துச் சிம்பன்சிகளிடம். 'சிம்பன்சிச் சளி' என்றே பேர் வைத்தார்கள். அடுத்த வருஷமே பால்டிமோர் நகரத்துக் குழந்தைகளிடம் அதே கிருமி அகப்பட்டது. பாவம், அந்தக் குரங்குகளுக்கே மனிதரிடமிருந்துதான் தொற்றியிருக்கும்.

என் காலத்தில் இந்தப் பெயர்கூட எங்களுக்குக் கிடைக்காது. மழைக்காலம் வந்தால் குழந்தைகள் வார்டு நிரம்பிவிடும். ஆனால் எதைச் சோதிப்பது? கைக்குழந்தைக்குக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும். நுரையீரலில் ஊசி குத்தி எடுக்கவும் மனம் வராது. ரத்தத்தில் பாக்டீரியா வளர்கிறதா என்று கல்ச்சருக்குப் போட்டால் பெரும்பாலும் 'வளர்ச்சி இல்லை' என்றுதான் எழுதிக் கொடுப்பேன். அந்த இரண்டு வார்த்தையை எத்தனை ஆயிரம் முறை எழுதியிருப்பேனோ! டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று ஆன்டிபயாடிக்கைத் தொடர்வார். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது என்று அவருக்கும் தெரியும்.

மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்க்கலாமே என்பாய். அதில் ஒரு சிக்கல். ஓடியாடி விளையாடும் பிள்ளையின் மூக்கிலும் நாலு கிருமி இருக்கும். இருப்பதெல்லாம் நோய்க்குக் காரணமாகிவிடாது. அதனால்தான் 2011 முதல் 2014 வரை வங்கதேசம், தாய்லாந்து, கென்யா, சாம்பியா என்று ஏழு நாடுகளில், குழந்தைகளின் நிமோனியாவுக்கு எந்தக் கிருமி காரணம் என்று தேடிய 'பெர்ச்' ஆய்வில், நிமோனியாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த நாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகளோடு அக்கம்பக்கத்து நல்ல குழந்தைகள் ஐயாயிரம் பேரையும் சேர்த்துச் சோதித்தார்கள். 2019-இல் முடிவு வெளிவந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். எக்ஸ்ரேயில் நிமோனியா தெரிந்த, எச்ஐவி இல்லாத குழந்தைகளில் சுமார் 61 சதவீதத்துக்கு வைரஸ்தான் காரணம், பாக்டீரியா 27 சதவீதம். ஆர்எஸ்வி மட்டுமே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. படித்தபோது என் 'வளர்ச்சி இல்லை' சீட்டுகள் எல்லாம் ஞாபகம் வந்தன.

பாக்டீரியா ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதே. ஹிப், நியூமோகாக்கஸ் என்ற இரண்டு பாக்டீரியாவும் கொன்றுபோடும். தடுப்பூசிதான் அவற்றை அடக்கி வைத்திருக்கிறது. ஹிப்பையும் சேர்த்து ஐந்து நோய்க்கான பென்டாவேலன்ட் ஊசி நம் நாட்டில் முதலில் வந்ததே தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான், 2011 டிசம்பரில். நியூமோகாக்கல் ஊசி அரசுத் திட்டத்தில் இங்கே 2021-இல் சேர்ந்தது. பேத்திக்கு அடுத்த தவணையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆர்எஸ்விக்குக்கூடக் கர்ப்பிணிக்குப் போடும் ஊசிக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். தாயின் எதிர்ப்புச் சக்தி வயிற்றிலேயே பிள்ளைக்குப் போய்விடுகிறது.

பழி சொல்லத்தான் வேண்டும் என்றால் இரண்டைச் சொல்வேன். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது ஒன்று. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, அதுவே தனி நிமோனியா ஆகிவிடும். இன்னொன்று அறையை மூடிவிட்டுப் போடும் சாம்பிராணிப் புகை. நம் அம்மாக்கள் செய்தார்கள், நாமும் தப்பிப் பிழைத்தோம், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு கணக்கு. புகுந்த வீட்டுக்கு அனுப்பிய அன்று முப்பது பேர் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார்கள் என்றும், ஐந்தாம் நாள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது என்றும் நீயே எழுதியிருக்கிறாய். ஆர்எஸ்வி உள்ளே போய்க் காட்டிக்கொடுக்க ஆகிற நாளும் அதேதான், நாலைந்து. அன்றைக்கு யாருக்கு ஜலதோஷம் என்று யோசித்துப் பார். சம்பந்தியம்மா தும்மிக்கொண்டே பந்தி பரிமாறினார் என்று போனில் சிரித்தாயே! அடி, தயவுசெய்து இதை அவரிடம் சொல்லி வைக்காதே. ஆசையாகத்தானே கொஞ்சினார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கச் சொல், போதும்.

இங்கே என் வீட்டுக்காரருக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சாம்பாரில் பருப்பு குறைவு என்று தெளிவாகத் தெரிகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை பேத்தியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தேன் இல்லையா? நேற்றிலிருந்து எனக்குத் தொண்டை கரகரவென்று இருக்கிறது, மூக்கும் ஒழுகுகிறது. இது நன்றாகத் தீரட்டும், வருகிறேன். பேத்திக்கான சட்டையை மட்டும் தபாலில் அனுப்புகிறேன். துவைத்துவிட்டுப் போடு.

உன்,
மங்கை