தேத்தண்ணி போட்ட குற்றம்

அன்பின் குணா,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீயும் ஆவணி முழுக்க வாய் திறக்கவில்லை. இங்கே எல்லோரும் சுகம். மாஸ்டரின் முழங்கால் அதே முழங்கால்தான். விசயத்துக்கு வருகிறேன்.

நீ படமெடுத்து அனுப்பிய உள்ளூராட்சிக் கவுன்சிலின் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கனகமக்காவுக்குப் பகல் பராமரிப்பு நிலையம் கிழமைக்கு இரண்டு நாள் சரியாம். ஏற்றி இறக்க வாகனம் மட்டும் இல்லையாம். மகனிடம் கார், கையில் பஸ் பாஸ், அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (உதவி தேவைப்படும் முதியவர்களுக்கு அரசு தரும் கொடுப்பனவு), இந்த மூன்றும்தான் காரணம். நீயோ "ஒன்றேகால் மைல் மனுசி எப்படி நடப்பா" என்று நாலு பக்க ஒப்பாரி எழுதி வைத்திருக்கிறாய். தயவுசெய்து அதை அனுப்பாதே. மைல் கணக்கு பள்ளிப் பிள்ளைகளின் வாகனத்துக்கு உரியது. பெரியவர்களுக்கு அது செல்லாது.

இங்கிலாந்தின் 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டத்தில் "வாகனத்துக்குத் தகுதி" என்று தனியே ஒன்று கிடையாது. பராமரிப்புத் தேவைக்குத்தான் தகுதி பார்ப்பார்கள். அந்தத் தேவை உடல் அல்லது மனக் குறைபாட்டால், நோயால் வந்ததா? அதனால் விதியில் எழுதியிருக்கும் பத்துக் காரியங்களில் இரண்டையாவது செய்ய முடியாமல் இருக்கிறதா? அது அவவின் நல்வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கிறதா? மூன்றுக்கும் "ஓம்" வந்தால் கவுன்சில் அந்தத் தேவையைத் தீர்த்தே ஆகவேண்டும். பத்தில் ஒன்பதாவதைப் பார்: ஊருக்குள் தேவையான இடங்களையும் சேவைகளையும் பயன்படுத்துவது, அதில் பொதுப் போக்குவரத்தும் சேர்த்தி. ஏழாவது உறவுகளைப் பேணுவது. இந்த இரண்டே அவவுக்குப் போதும். குளிப்பு, உடுப்பு எல்லாம் மேலதிகம்.

"முடியாது" என்ற சொல்லுக்கும் விதியில் பொருள் உண்டு. ஆள் துணையில்லாமல் முடியாதது மட்டுமல்ல. தனியே செய்தாலும் பெரிய வலியோ மனவேதனையோ பதற்றமோ வந்தால், உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வந்தால், மற்றவர்களைவிட மிக அதிக நேரம் எடுத்தால், அதுவும் "முடியாது"தான். நம் சனம் கோட்டைவிடுவது இந்த இடத்தில்தான். கவுன்சிலிலிருந்து மதிப்பீட்டுக்கு ஆள் வந்தால் மனுசி எழும்பிப்போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவருவா, பிஸ்கற் தட்டையும் நீட்டுவா. வந்தவள் குறிப்பில் "உதவியின்றி நடமாடுகிறார், விருந்தினரைக் கவனிக்கிறார்" என்று ஏறும். பஸ்ஸில் எப்படிப் போவீங்கள் என்றால் "சமாளிப்பன்" என்பா. நம் "சமாளிப்பன்" என்பது பல்லைக் கடித்துக்கொண்டு, விழுந்தாலும் வெளியில் சொல்லாமல் என்று பொருள்படும் சொல். ஆங்கிலத்துக்குப் போனதும் அது "தானே செய்துகொள்கிறார்" ஆகிவிடும். கோப்பு அதோடு மூடிக்கொள்ளும். அடுத்தமுறை மகன் மொழிபெயர்க்கக் கூடாது, கவுன்சிலிடம் மொழிபெயர்ப்பாளர் கேள். தேத்தண்ணியை நீ போடு.

இனி உன் நாலு பக்கத்துக்குப் பதிலாக எழுதவேண்டியதைச் சொல்கிறேன். பயணம் பஸ் தரிப்பில் தொடங்குவதில்லை, கதிரையில் தொடங்குகிறது. எழும்புவது, சப்பாத்து, கோட்டுப் பொத்தான் (வலக்கை மட்டும்தானே வேலை செய்கிறது), அடுப்பு அணைத்ததா என்று பார்ப்பது, கதவு பூட்டித் திறப்பைப் பையில் வைப்பது, வாசலில் கைபிடி இல்லாத இரண்டு படி. தரிப்புவரை எத்தனை நிமிடம், எங்கே நின்று மூச்சு வாங்குகிறா? வருகிற பஸ்ஸின் இலக்கம் அவவுக்கு விளங்குமா? உட்காருமுன் பஸ் கிளம்பினால் எதைப் பிடிப்பா? இறங்கும் இடம் மறந்தால் யாரைக் கேட்பா, எந்த மொழியில்? பின்னேரம் களைத்துத் திரும்பும்போது இதெல்லாம் இன்னொரு தரம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரே வரி: தனியே முடியுமா, முடிந்தால் என்ன நடக்கும், கடைசியாக எப்போது நடந்தது. பிழையான பஸ்ஸில் ஏறிய அந்த நாளைத் திகதியோடு எழுது. நல்ல நாள், கெட்ட நாள் இரண்டையும் போடு. நாளுக்கு நாள் கூடிக் குறையும் தேவையைக் கொஞ்சக் காலம் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று விதியே சொல்கிறது. ஒரு நல்ல செவ்வாய்க்கிழமையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

கடிதத்தின் மூன்று காரணங்களும் பிழைதான். முதலாவது மகனின் கார்: அதில் வரிசை மாறியிருக்கிறது. தேவை இருக்கிறதா என்று தீர்மானிக்கும்போது மகன் செய்வதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அவர் இல்லாததுபோல் பார்க்கவேண்டும். அதை எப்படித் தீர்ப்பது என்ற அடுத்த படியில்தான் அவர் வருகிறார். அங்கேயும் அவருக்கு விருப்பமும் வசதியும் உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். இரவு வேலை முடிந்து காலை எட்டுக்கு வருகிறவனை ஒன்பதுக்குக் கார் ஓட்டு என்பதா? அவருக்குப் பராமரிப்பவர் மதிப்பீடு தனியே கேள், அது அவர் உரிமை. "முடிந்தால் பார்க்கிறேன்" என்று வாய்தவறிச் சொல்லவேண்டாம் என்று சொல்லிவை. எந்த நாள், எந்த நேரம் முடியும், எது முடியாது என்று எழுதித் தரட்டும்.

பஸ் பாஸ் கட்டணத்தைத்தான் தீர்க்கும், ஏறுவதை அல்ல. அதுவும் நாடளாவிய விதிப்படி வார நாளில் காலை 9.30க்குப் பிறகுதான் இலவசம்.

அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் விசயத்தில் எனக்கே சிரிப்பு வந்தது. அதில் நடமாட்டப் பகுதி என்று ஒன்றே இல்லை! அது உள்ளது பிப் எனும், உடல் அல்லது மனக் குறைபாடு உள்ளவர்களுக்கான கொடுப்பனவில், ஓய்வூதிய வயதுக்கு முன் கோரியவர்களுக்கு. சிவத்தாரின் தம்பிக்கு வருவது அதுதான், இரண்டையும் குழப்பாதே. அந்தத் தம்பியின் நடமாட்டப் பணத்தைப் பராமரிப்புக் கட்டணக் கணக்கில் வருமானமாகச் சேர்க்கவே கூடாது. ஆனால் அந்தப் பணத்தில் எடுத்த கார் வாசலில் நிற்குமானால், "அதை ஏன் பயன்படுத்தவில்லை" என்று கேட்கத்தான் செய்வார்கள். கோபப்படாமல் யார் ஓட்டுகிறார், எப்போது ஓட்டுகிறார் என்று பதில் சொல்லட்டும்.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். தேவையைத் தீர்க்கும் வழிகளில் மலிவானதைத் தேர்ந்தெடுக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. மினிபஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதே. டாக்சிக்கு நேரடிப் பணம் தருகிறோம் என்றால் வாங்கலாம், கணக்கை மட்டும் சரியாகப் பார்: ஒரு தரம் 9 பவுண் என்று வை, கிழமைக்கு நாலு ஓட்டம், 36 பவுண். 20 தந்தால் அது தேவையைத் தீர்க்காது, தீர்க்கும் அளவுக்குத் தரவேண்டும் என்பதுதான் சட்டம். டாக்சிக்காரர் தெருவோரத்தில் ஹோர்ன் அடிப்பார், உள்ளே வந்து கோட்டுப் பொத்தான் போடமாட்டார். ஆகவே துணைக்கு ஒரு ஆள், கதவிலிருந்து கதவுவரை, என்று பராமரிப்புத் திட்டத்தில் எழுத்தில் வரவேண்டும். நம் ஊர் பருத்தித்துறைத் தட்டிவான் பஸ்ஸில் தகுதி சுலபம், தொங்கத் தெரிந்தால் ஏறலாம். இங்கே அப்படியில்லை.

அவவின் சேமிப்பு 23,250 பவுணுக்கு மேலா என்று கேட்டுச் சொல். மேலே என்றால் முழுச் செலவும் அவவே கட்டவேண்டி வரும். வீட்டில் இருக்கும்வரை வீட்டின் பெறுமதி இதில் சேராது.

இப்போது நீ செய்யவேண்டியது: மதிப்பீட்டின் பிரதியும், காரணங்களோடு எழுதிய தகுதித் தீர்மானமும் கேள், இரண்டையும் தரவேண்டியது அவர்கள் கடமை. பிறகு அந்தப் பயணக் குறிப்போடு மறுபரிசீலனை. அசையாவிட்டால் கவுன்சிலுக்கு முறையான முறைப்பாடு. அதன்பின் உள்ளூராட்சி, சமூகப் பராமரிப்புக் குறைகேள் அதிகாரி. பிரச்சினை தெரிந்து 12 மாதத்துக்குள் அங்கே போய்விட வேண்டும். மேன்முறையீட்டுக்கு என்று சட்டத்தில் 72ஆம் பிரிவு இருக்கிறது, ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவரவேயில்லை. ஆகவே "டிரிபியூனலுக்கு (தீர்ப்பாயத்துக்கு) போவோம்" என்று மிரட்டாதே, சிரிப்பார்கள்.

பயணக் குறிப்பை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பு, நான் திருத்தித் தருகிறேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் வாசிக்கமாட்டேன். உன் கையெழுத்தில் வேண்டாம், மகளிடம் சொல்லித் தட்டச்சுச் செய்.

அன்புடன்
ரவி