சுக்கான் உன் கையிலும் இருக்கட்டும்

ராயபுரம், சென்னை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையின் நண்பருடைய பாய்மரப் படகை மலேசியாவின் லங்காவித் தீவிலிருந்து தாய்லாந்தின் புக்கெட்டுக்கு நீங்கள் இருவருமே ஓட்டிப்போய்ச் சேர்க்கப்போகிறீர்கள் என்று நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரிடம் சொல்லி, மலாக்கா நீரிணையின் வடபகுதிக் கடல் வரைபடத்தை வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்திருக்கிறேன். அம்மா இரண்டு நாளாகக் கூடத்தில்தான் இலை போடுகிறாள்.

உன் கடிதத்தில் ஒரே ஒரு வரி என்னை உறுத்துகிறது. "படகை அவர் பார்த்துக்கொள்வார், சமையலும் புகைப்படமும் என் பொறுப்பு" என்று எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை கெட்டிக்காரர், நிதானமானவர். சிங்கப்பூரில் முறையாகப் பயிற்சி எடுத்தவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் படகில் இருக்கப்போவது இரண்டே பேர். அவருக்குக் காய்ச்சல் வரலாம், பாய்மரத்தின் கீழ்க்கட்டை தலையில் இடித்து மயங்கலாம், கால் வழுக்கித் தண்ணீரில் விழலாம். அந்த நேரத்தில் படகில் இருக்கும் ஒரே மாலுமி நீதான். அந்தப் படகைத் தனியாகக் கரை சேர்க்க உனக்குத் தெரியாமல் நீ லங்காவியை விட்டுப் புறப்படக் கூடாது. இந்தக் கடிதத்தில் நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

காலத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் தெருக்களை மிதக்க வைக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஜனவரியில் உங்கள் பாயையும் நிரப்பப்போகிறது. வங்கக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருவதால் இங்கே அது மழையாகக் கொட்டுகிறது. அங்கே மலாய் தீபகற்பத்தின் கிழக்குக் கரையிலேயே மழையை இறக்கிவிட்டு, நடுவில் இருக்கும் மலைகளைத் தாண்டி மேற்குக் கரைக்கு வறண்ட காற்றாக வருகிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் பெரிய அலை எழ இடமில்லை. நீங்கள் போகும் திசை ஏறக்குறைய வடமேற்கு, காற்று வடகிழக்கு. அதனால் பெரும்பாலும் வலப்பக்கத்திலிருந்தே காற்று வரும். பாய்மரப் படகுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? தென்மேற்குக் காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையான மாதங்களில் இதே பயணம் என்றால் நானே வேண்டாம் என்றிருப்பேன். அப்போது சுமத்ரா பக்கத்திலிருந்து விடியற்காலையில் திடீர் சூறைகள் கிளம்பி வரும்.

ஒன்றை நினைத்துப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. லங்காவி கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. அந்தக் கெடாதான் நம் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போனதை ஊரே பேசுகிறது. எனக்கோ அதற்கு முன்னால் போன வணிகர்கள்மேல்தான் மதிப்பு அதிகம். புக்கெட்டுக்கு வடக்கே தக்குவா பா என்ற ஊரில் 9-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தைப் பற்றியும் அதைக் காக்கும் பொறுப்பை மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவினரிடம் விட்டதைப் பற்றியும் அது பேசுகிறது. படை போவதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் அந்தக் கரையில் குளம் வெட்டிக் குடியிருந்திருக்கிறார்கள்! தென்மேற்குக் காற்றில் போய், வாடையில் திரும்பியவர்கள். வானம் தெளிந்திருக்கும் காலையில் லங்காவியிலிருந்து தென்கிழக்கே பார்த்தால் பெருநிலத்தில் ஜெராய் மலை தெரியக்கூடும். 1,217 மீட்டர் உயரம். வங்கக் கடலைக் கடந்து வந்த பழைய மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். நீ அதை ஒரு முறை நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இனி வழி. வரைபடத்தில் அளந்து பார்த்தேன். லங்காவியின் மேற்கு முனையிலிருந்து லிப்பே தீவு சுமார் 25 கடல் மைல். லிப்பேயிலிருந்து ரோக் தீவுகள் 45. அங்கிருந்து பி பி தீவு 35-க்குச் சற்று மேல். பி பி-யிலிருந்து புக்கெட்டின் சலோங் வளைகுடா மறுபடியும் 25. மொத்தம் 130 கடல் மைல் அளவில் வருகிறது. இதில் லிப்பே முதல் ரோக் வரையான நாள்தான் நீளமானது. மணிக்கு 5 கடல் மைல் வேகம் என்று வைத்தாலும் ஒன்பது மணி நேரம் ஆகும். தாய்லாந்துக் கடிகாரம் மலேசியாவுக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதை மறக்காதீர்கள். அங்கே மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டிவிடும். கிழக்கு வெளுக்கும்போதே நங்கூரத்தை எடுத்துவிடுங்கள்.

தெரியாத துறைக்குள் இருட்டிலோ, சூரியன் முகத்தில் அடிக்கும் நேரத்திலோ நுழையவே கூடாது. பவளப்பாறை தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டுவது வரைபடத்தைவிட வெயில்தான். சூரியன் உச்சியிலோ முதுகுப் பக்கமோ இருக்க, ஒருவர் கூச்சம் தடுக்கும் கண்ணாடி அணிந்து படகின் முன்முனையான அணியத்தில் நிற்க வேண்டும். கருநீலம் என்றால் ஆழம். வெளிறிய பச்சை என்றால் மணல். பழுப்பு என்றால் பாறை, உடனே கையைத் தூக்கு. எப்போதும் நீயே அணியத்தில் நின்றுகொண்டிருக்காதே. ஒரு தீவில் நீ நின்றால், அடுத்த தீவில் அவர் நிற்கட்டும், நீ படகைத் திருப்பும் சுக்கானைப் பிடி.

நங்கூரத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும். சென்னைத் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்தவள் நீ. இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம், ஏறி இறங்குவது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் வரை ஏறும். தண்ணீர் வற்றியிருக்கும்போது நீங்கள் 6 மீட்டர் ஆழத்தில் நங்கூரம் போடுகிறீர்கள் என்று வை. ஓதத்துக்கு 3 மீட்டர், தண்ணீர் மட்டத்திலிருந்து அணியம் இருக்கும் உயரத்துக்கு 1 மீட்டர் சேர்த்தால் 10. அதற்கு ஐந்து மடங்கு, அதாவது 50 மீட்டர் சங்கிலி விட வேண்டும். வெறும் ஆறைப் பெருக்கி 30 மீட்டரோடு நிறுத்தினால், நடு இரவில் ஓதம் ஏறியதும் சங்கிலி நங்கூரத்தை மேல்நோக்கி இழுத்து, அது மணலை விட்டுக் கிளம்பிவிடக்கூடும். சங்கிலி விட்டபின் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி, சங்கிலியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார். பிடித்துவிட்டது என்றால் அது விறைத்து அமைதியாக நிற்கும். தரையில் இழுபட்டால் கடகடவென்று அதிர்வது கையில் தெரியும். அப்படி அதிர்ந்தால் எத்தனை களைப்பாக இருந்தாலும் எடுத்து மறுபடி போடுங்கள். மணலில் மட்டும் போடுங்கள், பவளத்தின்மேல் ஒருபோதும் வேண்டாம். மிதவைகள் கட்டியிருக்கும் இடங்களில் அவற்றிலேயே கட்டிக்கொள்ளுங்கள். வாடைக் காலத்தில் தீவுகளின் தெற்கு, மேற்குப் பக்கங்கள்தான் காற்றுக்கு மறைவு.

கயிற்றோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன்: கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொள்ளாதே. விறைத்து நிற்கும் கயிற்றின் நேர்க்கோட்டில் நிற்காதே. இழுவைக் கப்பலில் வேலை பார்த்த நாட்களில் அறுந்த கயிறு என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காற்று வலுக்கும்போது பாயைச் சுருக்குவதில் உங்கள் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். யார் "சுருக்கலாம்" என்று சொன்னாலும் மற்றவர் ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் சுருக்கிவிட வேண்டும், பேச்சு அப்புறம். கணவன் மனைவிக்குள் இந்த ஒரு விஷயத்தில் வாதம் இல்லாமல் இருந்தால் பாதி ஆபத்து தானாகவே விலகும். மீன்பிடிப் படகுகள் வலை விரித்திருந்தால் பாய்மரப் படகும் அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்பதுதான் கடல் விதி. மாலையில் தொடுவானத்தில் பச்சை வெளிச்சம் பரவியிருந்தால் அவை கணவாய் பிடிக்கும் படகுகள், தள்ளியே போங்கள். நம் காசிமேட்டுக்காரர்களைப் போல வயிற்றுப்பாட்டுக்காகக் கடலில் இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் அவர்கள். உல்லாசத்துக்கு வந்த நாம்தான் ஒதுங்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். புறப்படுவதற்கு முந்தைய நாள், லங்காவிக்குப் பக்கத்திலேயே அலை இல்லாத இடத்தில் உரிக்காத தேங்காய் ஒன்றைக் கடலில் எறியச் சொல். தண்ணீரில் ஒரு மனிதனின் தலை அந்த அளவுக்குத்தான் தெரியும். பிறகு மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். நீ தனியாகத் திரும்பி வந்து அந்தத் தேங்காயை எடுக்க வேண்டும். உரக்கக் கத்து, மிதவையை வீசு, ஜி.பி.எஸ். கருவியில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானை அழுத்து. கண்ணை மட்டும் எடுக்காதே. அரை மீட்டர் அலையிலேயே தலை மறைந்துவிடும். எஞ்சினை இயக்கும் முன் கயிறு ஏதாவது தண்ணீரில் தொங்குகிறதா என்று பார், இல்லாவிட்டால் அது தண்ணீருக்கு அடியில் படகைத் தள்ளும் விசிறியில் சுற்றிக்கொள்ளும். காற்றுக்கு எதிர்முகமாக மெல்ல வந்து, பக்கத்தில் சேர்ந்ததும் விசிறி சுழலாதபடி கியரை எடுத்துவிடு. தடுமாறாமல் எடுக்க வரும்வரை திரும்பத் திரும்பச் செய். அப்புறம் இதையே மாப்பிள்ளையும் செய்து காட்டட்டும்.

தேங்காயை வாளியால் அள்ளிவிடலாம், மனிதனை அள்ள முடியாது. நனைந்த உடையோடு, களைத்துப்போன ஓர் ஆணை உன் கை பலத்தால் மேலே இழுக்கவே முடியாது. பாயை ஏற்றும் கயிற்றின் கொக்கியை அவருடைய லைஃப் ஜாக்கெட் வாரில் மாட்டி, கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றித் தூக்க வேண்டும். அதையும் துறையில் நிற்கும்போதே ஒரு முறை செய்து பார்த்துவிடு. அவர் சிரிப்பார், சிரிக்கட்டும். வி.எச்.எஃப். வானொலியில் 16-ஆம் சேனலில் எப்படி உதவி கேட்பது என்று ஒரு தாளில் எழுதி கருவிக்குப் பக்கத்தில் ஒட்டிவை: மூன்று முறை 'மேடே', படகின் பெயர், இருக்கும் இடம், எத்தனை பேர், என்ன ஆபத்து. பதற்றத்தில் சொந்தப் படகின் பெயரே மறந்துபோகும்.

உன்னால் முடியுமா என்ற கேள்வியே எனக்கு இல்லை. கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே மாதக் கடைசியில் திரும்பினார்கள். இரண்டே பேர். ரூபா நம் பக்கத்துப் புதுச்சேரிப் பெண். ஒருத்தி தூங்கினால் மற்றவள் படகின் முழுப் பொறுப்பு. தென் பெருங்கடலின் குளிரில், கேப் ஹார்னைச் சுற்றி அப்படிப் போனார்கள். அவர்கள் திரும்பிய செய்தியைப் படித்த அன்று உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் கப்பல்களின் மேல்தளத்தில் ஒரு பெண்ணைக்கூடப் பார்த்ததில்லை. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்களைத் துறைமுகச் சுவர்மேல் நின்று நீ வேடிக்கை பார்த்த வயதில், உன்னை உள்ளே அழைத்துப் போய்ப் பழக்க எனக்கு வசதி இருக்கவில்லை. இப்போது உனக்கே வாய்த்திருக்கிறது. பயணியாகப் போய்வராதே, மாலுமியாகப் போ.

அம்மாவுக்கு 2004 டிசம்பர் 26 இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. நம் துறைமுகத்திலேயே கப்பல்களின் கயிறுகள் அறுந்த நாள் அது. பி பி தீவின் ஊர் இரண்டு வளைகுடாக்களுக்கு நடுவே ஒடுங்கிய மணல் திட்டில் இருக்கிறது. அன்று இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் புகுந்தது. கரைத்தண்ணீர் திடீரென்று உள்வாங்கினால், கரையில் இருந்தால் மேட்டுக்கு ஓடுங்கள், படகில் இருந்தால் ஆழக்கடலுக்கு விடுங்கள். இதைச் சொல்லிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்குத் தூக்கம் வர வேண்டுமே.

லங்காவியை விட்டுக் கிளம்பும் முன் துறைமுக அனுமதிச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். தாய்லாந்துக் கடலில் நுழைந்ததும் மஞ்சள் கொடி ஏற்றி, குடியேற்றம், சுங்கம், துறைமுகம் மூன்றிலும் பதிவு முடிந்த பிறகுதான் இறக்க வேண்டும். இதெல்லாம் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். நீயும் தெரிந்துகொள்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் பதில் எழுது. படகின் பெயர், நிறம், நீளம், எந்தத் தேதியில் எந்தத் தீவு, எந்த நேரத்தில் எங்களுக்குத் தகவல் வரும், வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுத்து யாருக்கு நான் போன் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதி அனுப்பு. அதை வரைபடத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பேன். தேங்காய் எடுத்த செய்தியையும் மறக்காமல் எழுது.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசிகள்.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: எதிர்வீட்டுப் பையன் அடுத்த வாரம் சிங்கப்பூர் வருகிறான். அவன் கையில் அம்மா எலுமிச்சை ஊறுகாயும் மோர் மிளகாயும் கொடுத்து அனுப்புகிறாள். குமட்டலுக்குச் சுக்குத் தூளும் அதிலேயே இருக்கிறது. ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றி, படகு சாய்ந்தாலும் உருளாத இடத்தில் வைக்கச் சொன்னாள்.