ஸ்கோரைக் கேட்காதே, பஸ்ஸைக் கேள்

மதுரை
மார்கழி 20

அன்புள்ள கயல்,

பொங்கல் லீவில் நீயும் உன் சிநேகிதிகள் இரண்டு பேரும் இங்கே வந்து, கால்பந்து ரசிகர்களைத் தேடிப்போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். நல்ல காரியம் கண்ணு. தள்ளிப்போடவே கூடாத காரியம். சென்னை சிட்டி எஃப்.சி.யை எடுத்துக்கொள். 2018-19 ஐ-லீக்கில் 43 புள்ளி எடுத்துக் கோப்பையை வென்றது, ஈஸ்ட் பெங்கால் 42. இன்றைக்கு அந்த அணியே களத்தில் இல்லை. கோப்பை எண்ணிக்கையும் கோல் கணக்கும் எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கும். மதுரையில் இருந்து யார் போனார்கள், எப்படிப் போனார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்பது போனவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது.

நீ அனுப்பிய கேள்விப் பட்டியலைப் படித்தேன். "உங்களால் மறக்க முடியாத ஆட்டம் எது?" என்ற முதல் கேள்வியை அடித்துவிடு. அப்படிக் கேட்டால் எல்லோரும் ஃபைனலைத்தான் சொல்வார்கள், டிவியில் பத்து முறை பார்த்த கோலைத்தான் சொல்வார்கள். பயணத்தில் இருந்து ஆரம்பி. சென்னைக்கு என்றால் மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினீர்களா, ஜங்ஷனில் வைகை பிடித்தீர்களா? சென்னை சிட்டி ஆடிய கோயம்புத்தூருக்கு என்றால் ஆரப்பாளையத்தில் எத்தனை மணி பஸ்? சிங்காநல்லூரில் இறங்கி ஸ்டேடியத்துக்கு எப்படிப் போனீர்கள்? எந்த கேட்? பையை வெளியே யாரிடம் கொடுத்தீர்கள்? பக்கத்து சீட்டில் யார்? மனுஷனுக்குத் தேதி நிற்காது, வழி நிற்கும். வழியைப் பிடித்து நடத்திக்கொண்டு போனால் ஆட்டம் தானாக வந்துவிடும்.

வழியைக் கேட்பதில் இன்னொரு லாபமும் உண்டு. சொன்னது எந்த வருஷம் என்று அதை வைத்தே சரிபார்க்கலாம். சென்னையின் எஃப்.சி. (இது சென்னை சிட்டி இல்லை, வேறு அணி) ஆட்டங்கள் ஐ.எஸ்.எல். என்கிற இந்தியன் சூப்பர் லீக்கின் ஆரம்ப வருஷங்களில் இரவு 7 மணிக்குத் தொடங்கின. 2017-18-ல் பெரும்பாலும் 8 மணிக்குப் போனது, அதற்கடுத்த சீசனில் 7.30 ஆனது. இடைவேளையும் கூடுதல் நேரமும் சேர்த்து ஒரு ஆட்டத்துக்கு ஒரு மணி ஐம்பது நிமிஷம் வைத்துக்கொள். அதோடு எழும்பூரில் இருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ் புறப்படும் நேரத்தைப் பொருத்திப் பார். 2018 மார்ச் 13, செவ்வாய்க்கிழமை, கோவா அணியோடு அரையிறுதி இரண்டாம் ஆட்டம், நேரு ஸ்டேடியம், 8 மணி. சென்னை 3-0. ஜேஜே இரண்டு, தனபால் கணேஷ் ஒன்று. ஜேஜேயின் இரண்டாவது கோல் 90-ஆவது நிமிஷம். "முழு ஆட்டமும் பார்த்துட்டுப் பாண்டியனைப் பிடிச்சு விடிய மதுரை வந்துட்டோம்" என்று ஒருவர் சொன்னால், அந்தக் கடைசி கோலை அவர் ஸ்டேடியத்தில் பார்த்திருக்க முடியாது. ரயில் அதற்குள் நகர்ந்திருக்கும். "நீங்க சொல்றது தப்பு" என்று சொல்லிவிடாதே. "கடைசி கோல் அடிக்கும்போது எங்க இருந்தீங்க மாமா?" என்று கேள். ஆட்டோவில், பிளாட்பாரத்தில், கூட்டத்தின் சத்தத்தை வைத்தே கோல் என்று தெரிந்துகொண்டதைச் சொல்வார். உனக்கு வேண்டியது அதுதான்.

சென்னையின் எஃப்.சி. விஷயத்தில் எல்லோரும் குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. 2015 ஃபைனலும் 3-2, 2018 ஃபைனலும் 3-2. அரையிறுதியிலும் அப்படித்தான்: 2015-ல் கொல்கத்தாவோடு ஒரு ஆட்டம் 3-0, 2018-ல் கோவாவோடு ஒரு ஆட்டம் 3-0. இரண்டிலும் ஜேஜே கோல் உண்டு. ஆகையால் ஸ்கோரை வைத்துப் பிரிக்கவே முடியாது. முடிவு எப்படி இருந்தது என்று கேட்டுப் பிரி. 2015 டிசம்பர் 20, கோவா ஃபடோர்டா: 90 நிமிஷம் நெருங்கும்போது 2-1 என்று பின்தங்கினோம். கோவா கோல்கீப்பர் மேல் பட்டு ஒரு சுய கோல், கூடுதல் நேரத்தில் மெண்டோசா அடித்தது ஒன்று. தோற்றுவிட்டோம் என்று எழுந்து போனவர்கள் இருப்பார்கள். 2018 மார்ச் 17, பெங்களூரு கண்டீரவா: மைல்சன் ஆல்வஸ் இரண்டு, ராஃபேல் அகஸ்டோ ஒன்று. 3-1 என்று முன்னால் இருந்து, கூடுதல் நேரத்தில்தான் பெங்களூரு இரண்டாவது கோலை அடித்தது. ஆகவே "கடைசி ரெண்டு நிமிஷம் பயமா இருந்ததா, இல்ல நம்பிக்கையே போயிருச்சா?" என்று கேட்டால் போதும், எந்த வருஷம் என்று தெரிந்துவிடும்.

இடத்தையும் கவனி. இரண்டு ஃபைனலும் வெளியூர். 2015-ல் சென்னை வெள்ளத்தால் அந்த அரையிறுதி ஹோம் ஆட்டத்தையே புனேவுக்கு மாற்றினார்கள். 2020 மார்ச் 14 ஃபைனலில் கொரோனாவால் ஸ்டேடியத்துக்குள் ரசிகர்களையே விடவில்லை. அடுத்த இரண்டு சீசன்களும் முழுக்கக் கோவாவில் நடந்தன. "2021-ல நேரு ஸ்டேடியத்துல பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளாதே. வேறு வருஷத்து ஆட்டம் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். அவர் சொன்னதை அப்படியே ஒரு பத்தியில் எழுது, நீ சரிபார்த்ததைப் பக்கத்துப் பத்தியில் எழுது. ஒன்றை அழித்து இன்னொன்றை எழுதக் கூடாது.

கோயம்புத்தூர் போனவர்களிடம் ஐ-லீக் கோப்பை யாருக்கு என்று முடிவான 2019 மார்ச் 9 சனிக்கிழமையைப் பற்றி நிதானமாகக் கேள். அன்றைக்கு இடைவேளையில் சென்னை சிட்டி மினர்வா பஞ்சாபிடம் 1-0 என்று பின்தங்கி இருந்தது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. பிறகு மான்சி பெனால்டியில் சமன் செய்ய, கௌரவ் போரா இரண்டு கோல் போட்டு 3-1. அந்த இடைவேளையின் கால் மணி நேரம் கேலரியில் என்ன நடந்தது என்பது எந்தப் பத்திரிகையிலும் இருக்காது. யார் கையில் போன், யார் கோழிக்கோட்டு ஸ்கோரைப் படித்துச் சொன்னது, சிக்னல் கிடைத்ததா, பசிக்கு என்ன வாங்கினார்கள், யார் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேள்.

எல்லாவற்றையும் விட நம்ம ஊர் சேது எஃப்.சி.க்கு அதிக நாள் ஒதுக்கு. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கொண்டுவந்த அணி. 2022 மே மாதம் புவனேஸ்வரில் கடைசி ஆட்டம்வரை போராடி, முதலில் கோல் அடித்தும், கோகுலம் கேரளா அணியிடம் 3-1 என்று தோற்று இரண்டாம் இடம். ஆட்டமெல்லாம் இப்படி ஆயிரம் மைல் தள்ளி நடந்தால், உள்ளூர் ரசிகர் எங்கிருந்து பார்த்திருப்பார்? போனில்தான். அவர்களையும் ரசிகர் கணக்கில் சேர்த்துக்கொள். ஸ்டேடியத்துக்குப் போனவர்தான் ரசிகர் என்று வைத்தால் பெண்கள் கால்பந்தின் நினைவு பாதிக்கு மேல் விட்டுப்போகும். போனை எதில் சாய்த்து வைத்தார்கள், எத்தனை பேர் குனிந்து பார்த்தார்கள், படம் நின்று நின்று வந்தபோது யார் போன் போட்டு ஸ்கோர் சொன்னது என்று கேள். அவர்களிடம் வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதில் ஒவ்வொரு செய்திக்கும் தேதியும் நிமிஷமும் இருப்பதால் நினைவை விட உறுதியான சாட்சி அது. குரூப் அமைப்புக்குள் போய் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து, மீடியா இல்லாமல் எடுக்கச் சொல். அப்படி எடுத்தால்தான் நிறைய பின்னால் போகும். மற்றவர்களின் நம்பர் அதில் இருக்கும், எங்கேயும் வெளியிடும் முன் நீக்கிவிடு. 18 வயசுக்குக் கீழே ஆடிய பிள்ளைகளின் படத்தைப் பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் தொடாதே.

ஒரு தெருவில் நாலு பேர் சேர்ந்து ரசிகர்களாக இருந்தால் முதலில் தனித்தனியாகப் பேச வை. சேர்ந்து உட்கார்ந்தால் குரல் பெரிசாக இருப்பவர் சொல்வதே நாலு பேர் நினைவாக ஆகிவிடும். தனித்தனியாக எடுத்து முடித்த பிறகு நாலு பேரையும் ஒன்றாக உட்கார வை. அப்போது வரும் வாக்குவாதம் பொன். அதில் குறுக்கே பேசாதே.

பதிவுக்கு உன் போனே போதும். ஏரோபிளேன் மோடில் போடு, இல்லாவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு நின்றுபோகும். மடித்த துண்டின் மேல், அவர் வாயில் இருந்து ஒரு முழ தூரத்தில் வை. வெறும் மேஜையில் வைத்தால் டம்ளர் வைக்கிற சத்தம் இடி மாதிரி விழும். சீலிங் ஃபேனை நிறுத்தச் சொல்லத் தயங்காதே. தை மாசம்தானே, பொறுத்துக்கொள்வார்கள். காற்று மைக்கில் அடித்தால் பிறகு எதை வைத்தும் சரிசெய்ய முடியாது. முதல் வரியாகத் தேதி, இடம், அவர் பெயர், பதிவுக்குச் சம்மதம் என்று அவர் வாயாலேயே சொல்ல வை. முக்கால் மணிக்கு மேல் ஒரே உட்காரலில் வேண்டாம்.

முக்கியமான ஒன்று. நம்ம ஊர்க்காரர்கள் கையைக் காட்டித்தான் பேசுவார்கள். "நாங்க இங்கிட்டு இருந்தோம், பந்து அங்கிட்டு இருந்து வந்துச்சு" என்பார்கள். கேட்கும்போது உனக்குப் புரியும், ஆறு மாசம் கழித்துப் பதிவைப் போட்டால் இங்கிட்டு எது, அங்கிட்டு எது? உடனே நீ வாயால் சொல்: "இடது கையைக் காட்டுறீங்க, கோல்போஸ்டுக்குப் பின்னாடி கேலரியா?" என்று. ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் கொடுத்து ஸ்டேடியத்தை வரையச் சொன்னால் இன்னும் நல்லது. கேலரிப் பாட்டு, கோஷம் எல்லாம் உட்கார்ந்து சொல்லச் சொன்னால் செய்யுள் ஒப்பிப்பது போல வரும். எழுந்து நின்று கைதட்டிப் பாடச் சொல். கெட்ட வார்த்தை இருந்தால் இருக்கட்டும், பதிவில் வெட்டாதே.

எழுதும்போது பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றாதே. "வந்துச்சு" என்றால் "வந்துச்சு"தான். ஒரு மணி நேரப் பேச்சை அப்படியே டைப் செய்ய ஐந்தாறு மணி நேரம் ஆகும். அதனால் மூன்று நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஒத்துக்கொள்ளாதே.

பொருள்களைக் காட்டுவார்கள். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் ஓரத்தில், எழுத்து இல்லாத இடத்தில், நகத்தால் லேசாகக் கீறிப் பார். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் தாள், பஸ் டிக்கெட் மாதிரி சூட்டில் அச்சாவது. அதைத் தயவுசெய்து லேமினேஷன் போட விடாதே. சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும். பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் உறையில் இருக்கிற எண்ணெய்ப்பசை இறங்கி எழுத்து வெளுக்கும். கலர் ஸ்கேன் 600 டிபிஐ-யில் எடுத்துவிட்டு, சாதாரணக் காகித உறையில் போட்டு பீரோவின் கீழ்த்தட்டில் வைக்கச் சொல். மங்கிப்போன டிக்கெட்டையும் தூக்கிப் போடாதே, ஸ்கேன் செய்து கான்ட்ராஸ்டை ஏற்றினால் சீட் நம்பராவது தெரியும்.

பேப்பர் கட்டிங்கில் செல்லோடேப் வேண்டாம், நாளாக நாளாகப் பழுப்பேறி எழுத்தைத் தின்னும். மைதா பசை பூச்சியைக் கூப்பிடும். ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதி உறையில் போட்டால் போதும். ஜெர்சியில் ஆட்டக்காரர் கையெழுத்து இருந்தால் துவைக்கவே கூடாது. நம்பர் ஒட்டிய இடத்தில் இஸ்திரியும் கூடாது, மடிப்பும் கூடாது. சூட்டில் பசை இளகினால் அப்படியே உரிந்து வரும்.

படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாதே. அளவும் குறையும், எடுத்த தேதியும் போய்விடும். 'டாக்குமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் இரண்டும் தங்கும். ஃபைல் பெயரில் வருஷம், மாசம், நாள், ஊர் என்ற வரிசையில் எழுது: 2019-03-09-கோவை. அன்றன்றைக்கு ராத்திரியே மூன்று இடத்தில் வை, அதில் ஒன்று நம் வீட்டில் இருக்கட்டும்.

வரும்போது பழுப்புக் காகித உறை ஐம்பது, மெத்தென்ற பென்சில் நாலு வாங்கி வா. ஸ்கேனர் இங்கே பக்கத்துக் கடையில் பேசி வைத்திருக்கிறேன், போகியன்று மட்டும் மூடியிருக்கும். காரியாபட்டிப் பக்கம் போகிற அன்றைக்கு காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும், பத்து மணிக்கு மேல் யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். உன் சிநேகிதிகளில் யாருக்குக் காரம் ஆகாது என்று அம்மா கேட்கிறாள், மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா