ஒரு நாசகாரிக் கப்பலையாவது உடைக்காமல் விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய கடற்படை உயரதிகாரிகளுக்கும் பாதுகாப்பு அமைச்சகத்தாருக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் என் தம்பி மகன் இங்கிலாந்தின் சாத்தம் துறைக்குப் போயிருந்தான். 'கேவலியர்' என்ற பழைய நாசகாரிக் கப்பலை அங்கே உலர்துறையில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய 143 பிரிட்டிஷ் நாசகாரிகளுக்கு அதுதான் நினைவுச் சின்னம். மாலுமிகள் உறங்கும் கூடத்தைப் படமெடுத்து அனுப்பினான். 84 வயதான என் தந்தை கைப்பேசியை முகத்தருகே பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு உத்தரத்தில் இருந்த ஒரு கொக்கியின் மேல் நகத்தை வைத்து, "இது போன்ற கொக்கியில்தான் என் தூளியைக் கட்டினேன்" என்றார்.

அவர் ஐ.என்.எஸ். ராணா என்ற நாசகாரியில் ஸ்டோக்கராக, அதாவது பாய்லர் உலையைக் கவனிக்கும் மாலுமியாக, இருந்தவர். தான் படுத்த இடத்தின் சாயலையாவது காண அவருக்கு அயல்நாட்டுக் கப்பலின் படம் வேண்டியிருந்தது. இந்த மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

ராணா, ராஜ்புத், ரஞ்சித் ஆகிய மூன்றின் வரலாறும் உங்களுக்குத் தெரியும். போர்க்காலத்தில் பிரிட்டன் கட்டிய எட்டு 'ஆர்' வகுப்பு நாசகாரிகளில் மூன்று அவை. ரெய்டர், ராதர்ஹாம், ரிடவுட் என்ற பெயர்களோடு போரில் ஓடி, 1949-ல் நம்மிடம் வந்தன. அவற்றின் உடன்பிறப்பான ரிலென்ட்லெஸ் 1944 பிப்ரவரியிலும், ரோபக் அடுத்த மாதமும், ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்துவந்த இரண்டு கப்பல்களை இதே இந்தியப் பெருங்கடலில் ஒழித்தன.

இந்த வகுப்பின் வடிவமைப்பில் ஒரு மாற்றத்தை என் தந்தை அடிக்கடி சொல்வார். முந்தைய நாசகாரிகளில் அதிகாரிகளின் அறைகள் பின்கோடியில் இருந்தன. புயலில் அலை புரளும் மேல்தளத்தைக் கடந்துதான் அவர்கள் கட்டளை மேடைக்கு வர வேண்டும். 'ஆர்' வகுப்பில் அவர்களை நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். நல்ல மாற்றம்தான். மாலுமிகள் எப்போதும்போல முன்பகுதியில், தோளோடு தோள் உரசும் தூளிகளில்.

ஆனால் அவர் வாழ்ந்தது பாய்லர் அறையில். இரண்டு பாய்லர்கள், 40,000 குதிரைத்திறன். எண்ணெய் முழுவீச்சில் எரிவதற்காக விசிறிகள் அந்த அறைக்குள் காற்றைத் திணித்து, அழுத்தத்தை ஏற்றி வைத்திருக்கும். அதனால் நுழைவதற்கு இரண்டு கதவுகள். முதல் கதவை மூடி இறுக்கிய பிறகுதான் இரண்டாவதைத் திறக்கலாம். தவறி இரண்டும் ஒன்றாகத் திறந்துகொண்டால் அழுத்தம் சரிந்து, உலைவாயிலிருந்து தீ ஆளை நோக்கிப் பாயும். இரண்டு கதவுகளுக்கும் இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத்தான் இடம். அங்கே நிற்கும்போதே காது அடைத்துக்கொள்ளும். குளிர்நாட்டில் கட்டிய அந்த அறைக்குள், வங்கக் கடலின் சித்திரை வெயிலில், நான்கு மணி நேரக் காவல். மேலே ஏறி வந்தால் சட்டையில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்குமாம். இன்றும் அவர் எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்தித் தாழிட்ட பிறகுதான் கொல்லைக் கதவைத் திறப்பார். காது அநேகமாகக் கேட்பதில்லை.

இதை நான் எழுத்தில் எவ்வளவு சொன்னாலும், அந்த இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு நிமிடம் நின்று பார்ப்பதற்கு ஈடாகாது. நிற்கத்தான் இடமில்லை. மூன்று கப்பல்களையும் உடைத்துவிட்டோம்.

அதிலும் ராஜ்புத்! 1971 பாகிஸ்தான் போரின்போது சேவையிலிருந்து விலக்கப்படக் காத்திருந்த கிழட்டுக் கப்பல். பாகிஸ்தான் நீர்மூழ்கியான காஸியை ஏமாற்ற, நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் கிருஷ்ணன் அதை விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்த் போல நடிக்கவைத்தார். உண்மையான விக்ராந்த் அந்தமானில் மறைந்திருக்க, ராஜ்புத் விசாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் நின்று வானொலிச் செய்திகளை அள்ளி வீசியது. தன் தாயின் உடல்நிலையை விசாரிக்கும் மாலுமி ஒருவரின் தந்திகூட அந்த நாடகத்தில் இருந்தது. டிசம்பர் 3 நள்ளிரவில் துறைமுகத்தை விட்டு வெளியேறும்போது ஆழ்குண்டுகளை வீசியதும் அதே கப்பல். காஸி எப்படி மூழ்கியது என்பதில் இந்தியாவும் பாகிஸ்தானும் இன்றும் உடன்படவில்லை. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. அந்த இரவில் கடலுக்குப் போன கப்பலை 1976-ல் பழைய இரும்பாக்கினோம் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அப்போது நாடு ஏழை நாடு, புரிகிறது. விக்ராந்தை 2014-ல் உடைத்தபோதும் நாம் ஏழைகளா? 2020-ல் விராட் விமானந்தாங்கியை, கப்பல் உடைக்கும் அலாங் கடற்கரையில் ஏற்றியபோது? மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாகும் என்று அறிவிக்கப்பட்ட வாக்லி நீர்மூழ்கியை எந்தப் பிள்ளையும் அங்கே பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் பராமரிப்புச் செலவு என்கிறீர்கள். அலுவலகத்துக்கு அலுவலகம் கோப்பு போய்வரும் காலத்தில் உப்புக்காற்று தன் வேலையை முடித்துவிடுகிறது. இதைப் பற்றி நான் ஓர் அலுவலகத்துக்கு மூன்று மடல்கள் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. கோபம் வருகிறது, மறைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

விசாகப்பட்டினத்தில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி, அதற்குள் பிள்ளைகள் குனிந்து நடக்க வழிசெய்தவர்களும் நீங்கள்தான். டையூவில் குக்ரி போர்க்கப்பலை நிறுத்தியிருக்கிறீர்கள். உங்களால் முடியும் என்பதால்தான் கேட்கிறேன். ஒரு நாசகாரிக் கப்பலையாவது உடைக்காமல் விட்டுவையுங்கள்.

என் தந்தையின் பாய்லர் அறையை இனி யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனால் அதே பெயர்கள் சோவியத் நாட்டில் கட்டிய அடுத்த தலைமுறைக்கும் வந்தன. அந்த ஐந்து நாசகாரிகளில் ரஞ்சித் 2019-லும் ராஜ்புத் 2021-லும் விடைபெற்றுவிட்டன. மற்ற மூன்றும் 1980-களில் வந்தவை, அவற்றிலும் ஒரு ராணா இருக்கிறது. அவற்றுக்குப் பாய்லர் கிடையாது, எரிவாயுச் சுழலிகள்தான். இருந்தாலும் அடித்தளத்தில் வியர்த்தவர்களும் அவர்கள் படுத்த இடமும் அங்கேயும் உண்டு. விடைகொடுக்கும் நாள் வருவதற்கு முன்பே அவற்றில் ஒன்றுக்குக் கரையில் இடம் ஒதுக்குங்கள். பீரங்கியையும் ஏவுகணைக் குழாயையும் காட்டி அனுப்பிவிடாமல், இயந்திர அறையையும் மாலுமிகளின் கூடத்தையும் திறந்து வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக் குறித்ததும் தெரிவியுங்கள். தந்தையை நானே அழைத்து வருகிறேன். இயந்திர அறைக்கு இறங்கும் ஏணியில் இரண்டு பக்கமும் கைப்பிடி இருந்தால் போதும், அவர் இறங்கிவிடுவார்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டோக்கரின் மகள்