பைக்கிலிருந்து வருபவர்களுக்கும் வழி விடுங்கள்

உலகக் கார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் உலக மோட்டார் விளையாட்டு கவுன்சில் உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

இரு சக்கரம், நான்கு சக்கரம் இரண்டிலும் உலகப் பட்டம் வென்றவர் இதுவரை ஒரே ஒருவர்தான்: ஜான் சர்டீஸ். அவரே இன்று 26 வயது இளைஞராக வந்து நின்றாலும், உங்கள் சூப்பர் லைசென்ஸ் (ஃபார்முலா ஒன் கார் ஓட்டத் தேவையான உரிமம்) விதி அவரை ஃபார்முலா ஒன் பக்கம் அண்டவிடாது. அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

1960-இல் நடந்ததைப் பாருங்கள். மார்ச்சில் குட்வுட்டில் கென் டிரெல் கொடுத்த கூப்பர் காரில் சர்டீஸ் இறங்கினார். அவர் வாழ்க்கையின் முதல் கார் ரேஸ் அது. ஜிம் கிளார்க்குக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். மே மாதமே மொனாக்கோவில் லோட்டஸ் அணிக்காக ஃபார்முலா ஒன். ஜூலையில் சில்வர்ஸ்டோனில் இரண்டாம் இடம். ஆகஸ்டில் போர்ச்சுகலில் போல் பொசிஷன், அதாவது தகுதிச் சுற்றில் முதலிடம். இத்தனையும், எம்வி அகஸ்டா பைக்கில் 350சிசி, 500சிசி என இரண்டு உலகப் பட்டங்களையும் அள்ளிய அதே ஆண்டில்! 1964-இல் ஃபெராரி ஓட்டி, கிரஹாம் ஹில்லை ஒரே ஒரு புள்ளியில் முந்தி உலக சாம்பியன் ஆனார்.

இன்று நீங்கள் பட்டியலிட்ட போட்டிகளில் மூன்று ஆண்டுகளுக்குள் 40 புள்ளிகள் சேர்த்தால்தான் சூப்பர் லைசென்ஸ். கார்ட்டிங் (சிறுவயதிலேயே ஓட்டத் தொடங்கும் குட்டிக் கார் பந்தயம்) உலகப் பட்டத்துக்குக்கூட நீங்கள் சில புள்ளிகள் தருகிறீர்கள். பைக் பந்தயத்தின் உச்சமான மோட்டோஜிபியின் உலக சாம்பியனுக்கு ஒரு புள்ளிகூட இல்லை.

60 டிகிரிக்கும் மேல் சாய்ந்து வளைவில் போகிறவர், உள்ளங்கை அகலமே தரையில் படும் டயரின் பிடிமானத்தைக் கைப்பிடியிலேயே உணர்ந்துவிடுகிறார். முன் பிரேக்கை விரலாலும் பின் பிரேக்கைக் காலாலும் தனித்தனியாக அளந்து பிடிக்கிறார். கொஞ்சம் பிசகினால் உடம்புதான் தரையில் உரசும். இப்படிப் பழகியவருக்கு ஏன் புள்ளி இல்லை?

பைக் ஓட்டிய எல்லோரும் காரில் ஜெயித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. பைக்கில் அத்தனை பட்டங்களைக் குவித்த அகஸ்டினி காரில் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஏறக்குறைய இரண்டு மீட்டர் அகலமுள்ள வண்டியைப் பக்கத்துக் காரோடு ஒட்டி ஓட்டுவது, இறக்கைகள் தரும் காற்றழுத்தத்தை நம்பி வேகத்தைக் குறைக்காமல் திருப்புவது எல்லாம் புதிதாகக் கற்க வேண்டியவைதான். கற்றவர்களும் இருக்கிறார்கள். பைக் உலக சாம்பியன் மைக் ஹெய்ல்வுட், 1972-இல் ஃபார்முலா ஒன்னுக்கு அடுத்த படியான ஐரோப்பிய ஃபார்முலா டூவில் சாம்பியன். இன்னொரு பைக் உலக சாம்பியன் வாலண்டினோ ரோஸி 2006-இல் வாலன்சியாவில் ஃபெராரியைச் சோதித்துப் பார்த்துவிட்டு பைக்கிலேயே இருந்துவிட்டார். ஓய்வுக்குப் பிறகு கார் பக்கம் வந்து, 2024-இல் 45 வயதில், இமோலாவில் நீண்டநேரக் கார் பந்தயத்தின் எல்எம்ஜிடி3 பிரிவில் பிஎம்டபிள்யூ அணியோடு இரண்டாம் இடம் பிடித்தார்.

இன்னொன்றையும் நீங்கள் யோசிக்க வேண்டும். சென்னை பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் பைக் ரேஸும் நடக்கிறது, கார் ரேஸும் நடக்கிறது. கம்பெனியே பைக் கொடுத்து, எல்லோரும் ஒரே மாடலில் ஓட்டும் ஒன் மேக் போட்டிகள் இருப்பதால், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளையும் பைக் ரேஸுக்குள் நுழைந்துவிட முடிகிறது. கார்ட்டிங்கில் சின்ன வயதிலேயே டயர், எஞ்சின், மெக்கானிக், பயணம் என்று லட்சக்கணக்கில் கரைகிறது. ஃபார்முலா ஒன்னுக்குப் போகும் பாதை கார்ட்டிங்கில்தான் தொடங்க வேண்டுமென்றால், பணமில்லாத திறமைசாலி அந்தப் பாதையில் கால் வைக்கவே முடியாது.

பாதுகாப்புக்காகத்தான் இந்த விதிகள் என்பீர்கள். சரிதான், சலுகை கேட்கவில்லை. மோட்டோஜிபியில் முதல் மூன்று இடங்களுக்கு ஒரு பகுதிப் புள்ளிகள் கொடுங்கள். மீதியை ஃபார்முலா டூவிலோ ஃபார்முலா த்ரீயிலோ ஒரு சீசன் ஓட்டிச் சம்பாதிக்கட்டும். லைசென்ஸுக்கு முன் ஃபார்முலா ஒன் காரில் ஓட்டிக் காட்ட வேண்டிய சோதனை ஓட்டத்தின் தூரத்தை அவர்களுக்கு இரண்டு மடங்காக்குங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அபாரத் திறமை இருந்தால் 17 வயதிலேயே லைசென்ஸ் தரலாம் என்று 2024-இல் விதியைத் தளர்த்தியவர்கள் நீங்கள்தானே. அந்த அபாரத் திறமையை ஒற்றை இருக்கைக் காரில் மட்டும் தேடாதீர்கள். பைக் அமைப்பான எஃப்ஐஎம்மோடு உட்கார்ந்து பேசி, அடுத்த சீசனுக்கான புள்ளிப் பட்டியலில் மோட்டோஜிபிக்கும் ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ரேஸ் ரசிகர்