காலை எட்டு முதல் ஒன்பதரை வரை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ஈஸ்ட்ஹாம், லண்டன், ஏப்ரல் 2022

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

முகக்கவசம் இல்லாமல் வருவோரை எங்கள் கடையில் திருப்பி அனுப்புகிறோம் என்று ஒரு குரற்பதிவு இவ்வாரம் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. எங்களை நன்கறிந்த உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது. ஆயினும், "நோயாளிகளைக் காட்டி வியாபாரம் செய்கிறார்கள்" என்று அதில் சொல்லப்பட்டது எங்களை மிகவும் நோகடித்திருப்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

கொரோனாத் தொற்றுக்காக இங்கிலாந்தில் கடைகளுக்குள் முகக்கவசம் கட்டாயம் என்றிருந்த விதி ஜனவரி 27ஆம் திகதி நீங்கியது உண்மை. தொற்று உள்ளவர் தனித்திருக்க வேண்டும் என்ற சட்டம் பெப்ரவரி 24இல் போனது. இம்மாதம் முதலாம் திகதியுடன் பெரும்பாலானோருக்கு இலவசப் பரிசோதனையும் நின்றுவிட்டது. பலருக்கு இது பெரும் நிம்மதி என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற ஒருவர், புதிய உறுப்பை உடல் நிராகரித்துவிடாமலிருக்க நாள்தோறும் எடுக்கும் மருந்துகளே அவருடைய நோயெதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதால், மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டும் போதிய பாதுகாப்புப் பெறாமற் போகலாம். இரத்தப் புற்றுநோய் உள்ள பலரின் நிலையும் இதுவே. சுற்றியிருந்தவர்கள் முகக்கவசம் அணிந்ததுதான் இவர்களுக்குப் பெரிய காவலாக இருந்தது. இப்போது அந்தப் பொறுப்பு முழுவதும் அவர்கள்மீதும் வீட்டார்மீதும் விழுந்துவிட்டது. காசுமேசையில் உங்களை முகமலர்ந்து வரவேற்ற அக்கா சென்ற மாதம் வேலையை விட்டதும், கணவருக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயத்தினால்தான். இதை அவருடைய சம்மதத்துடனேயே சொல்கிறோம்.

இப்படிப்பட்டவர்களும் பயமின்றிக் கடைக்கு வருவதற்காகவே, காலை 8 மணி முதல் 9.30 வரை மட்டும் எல்லோரையும் முகக்கவசம் அணிந்து வருமாறு கேட்கிறோம். அந்நேரத்தில் இரு கதவுகளையும் திறந்து வைக்கிறோம். கவசம் கொண்டுவராதவர்களுக்கு வாசலில் இலவசமாகத் தருகிறோம். அணிய முடியாதவர்களுக்குப் பொருட்களை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறோம். என்ன நோய் என்று எவரிடமும் கேட்டதில்லை, மருத்துவமனைக் கடிதம் எதுவும் பார்த்ததில்லை. ஒன்பதரைக்குப் பிறகு அவரவர் விருப்பம். நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாக முருங்கைக்காயைக் கைகாட்டித் தெரிவுசெய்து வந்த ஓர் அம்மா, இப்போது அந்தக் காலை வேளையில் உள்ளே வந்து, மரக்கறியைத் தானே தொட்டுப் பார்த்து வாங்குகிறார். இதையா வியாபாரத் தந்திரம் என்கிறார்கள்?

2020இல் வீட்டைவிட்டு வெளியே வர முடியாதிருந்த முதியவர்களுக்கு எங்கள் பைகளைச் சுமந்துசென்று கொடுத்தவர்கள் நீங்களே. அந்த நன்றியை நாங்கள் என்றும் மறவோம். இன்றும் அந்தக் காலை நேரத்தைப் பிறருக்காக விட்டுக்கொடுத்து, பிந்தி வருகின்ற உங்கள் எல்லோருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

ஊழியர்களின் பரிசோதனைப் பெட்டிகளை இனி நாங்களே வாங்குகிறோம். சட்டப்படியான நோய்விடுப்புக் கொடுப்பனவு மீண்டும் நான்காம் நாளிலிருந்தே என்றாகிவிட்டதால், காய்ச்சலோடு எவரும் வேலைக்கு வராதிருக்க முதல் மூன்று நாட்களின் சம்பளத்தையும் நாங்களே கொடுக்கிறோம். இதனால், 30 பவுணுக்குக் குறைந்த வீட்டு விநியோகத்துக்கு மே மாதம் முதல் 3 பவுண் அறவிடப்படும். காலை நேரம் பற்றி ஐயம் உள்ளவர்கள் தயவுசெய்து கடையிலேயே எங்களிடம் நேரில் கேளுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்