நெட்டும் சிம்மும்

மன்னார்குடி,
புரட்டாசி 20

அன்புள்ள ரவி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே குறுவை அறுத்தாயிற்று. நெல்தான் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்கமாட்டேன் என்கிறார்கள், மழையோ விடுகிற வழியாக இல்லை. அண்ணன் தார்ப்பாயோடு அங்கேயே குடியிருக்கிறார்.

சரி, உன் மகன் விஷயத்துக்கு வருகிறேன். பாக்கெட்டுக்குள் இன்டர்நெட்டைக் கொண்டுவந்ததே ஐபோன்தான் என்று அடித்துப் பேசுகிறானாமே. நீ ஊருக்குக் கொண்டுவந்த நோக்கியா 770-ஐ, அந்தக் கையடக்க இன்டர்நெட் கருவியை, அவனுக்குக் காட்டியதே இல்லையா? அது 2005 கடைசியிலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஐபோன் கடைக்கு வந்தது 2007 ஜூனில். என் பிரவுசிங் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்து, உலோக மூடியை உருவி, குச்சியால் தட்டி நீ பேப்பர் பக்கத்தைத் திறந்து காட்டியபோது, என் கடைக்குச் சங்கு ஊதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். 800க்கு 480 புள்ளித் திரை, எழுத்து அவ்வளவு துல்லியம்!

ஆனால் அதில் சிம் போட இடமே கிடையாது. வைஃபை வேண்டும், இல்லையென்றால் ப்ளூடூத்தில் செல்போனைக் கோத்துக்கொள்ள வேண்டும். அன்றைய மன்னார்குடியில் வைஃபைக்கு எங்கே போவது? உன் போனின் ஜிபிஆர்எஸ் என்ற அந்த மெதுவான நெட்டில் ஒரு பக்கம் இறங்குவதற்குள் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டே வந்தோம். அடுத்து வந்த என்800, என்810 இரண்டிலும் இதே கதைதான். 2009-இல் என்900 வந்தபோதுதான் போனையும் உள்ளே வைத்தார்கள். இன்டெல்லும் ‘மொபைல் இன்டர்நெட் டிவைஸ்’ என்று ஒரு இனத்தையே உருவாக்கப் பார்த்தது, 2008-இல் அதற்கென்றே ‘ஆட்டம்’ (Atom) என்ற சிப்பையும் இறக்கியது. லேப்டாப்பும் இல்லாமல் போனும் இல்லாமல் நடுவில் நின்ற அந்தச் சாமான் எடுபடவில்லை. முதல் ஐபோனில் 3ஜி கூடக் கிடையாது, ஆனால் சிம் உள்ளேயே இருந்தது. அந்த மட்டில் உன் பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்கென்னவோ சிம்ப்யூட்டர் மேல்தான் இன்னும் ஆதங்கம். பெங்களூர் இந்திய அறிவியல் கழக ஆட்களும் என்கோர் என்ற மென்பொருள் கம்பெனிக்காரர்களும் சேர்ந்து, எழுதப் படிக்கத் தெரியாதவரும் பயன்படுத்தட்டும் என்று செய்த கையடக்கக் கணினி. 2004-இல் கடைக்கு வந்தும் அவ்வளவாக விற்கவில்லை.

நம் பக்கம் நெட் நிஜமாகவே பாக்கெட்டுக்கு வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அப்பா மேட்டூர் நீர்மட்டத்துக்காகத் திருச்சி வானொலிச் செய்திக்குக் காத்திருப்பாரே, இப்போது அண்ணன் வரப்பில் நின்றபடியே 120 அடியில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிடுகிறார். அதே அண்ணன் சிட்டா எடுக்கவும் பயிர்க் காப்பீடு பதியவும் என் கடைக்குத்தான் வருகிறார்! ஸ்கேன் செய்து ஏற்றுவது, பிரின்ட் எடுப்பது, இதெல்லாம் போனில் அவருக்குச் சரிப்படவில்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். அதனால் கடை ஓடுகிறது.

அந்த 770 வீட்டில் கிடந்தால் எடுத்து வா. சார்ஜர் தொலைந்திருந்தாலும் கவலையில்லை, நோக்கியாவின் சின்னப் பின் சார்ஜர் என்னிடம் இருக்கிறது. தீபாவளிக்கு வருகிறாயா என்று மட்டும் முன்கூட்டியே எழுது. மாடிப்படி ஏற உனக்கு முடியாதே, கீழ் அறையை ஒழித்துவைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
குமார்